ஃபிரிட்ஜுக்குத் தெரிந்த சமையல்: வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகள் பற்றி

'தி சிம்ஸ்' விளையாட்டில் வரும் மனிதருக்குச் சமைக்கத் தெரியாது. பசி மட்டும் தெரியும். சமையல் தெரிந்தது ஃபிரிட்ஜுக்கு. 'என்னிடம் வந்தால் பசி இவ்வளவு அடங்கும்' என்று அது சுற்றிலும் அறிவித்தபடியே இருக்கிறது. கட்டில் தூக்கத்தை அறிவிக்கிறது, தொலைக்காட்சி பொழுதுபோக்கை அறிவிக்கிறது. எந்தத் தேவை முட்டுகிறதோ அதற்கேற்ற அழைப்பை நோக்கி அந்த உருவம் நடந்துபோகிறது. போய்ச் சேர்ந்த பிறகு கதவை எப்படித் திறப்பது, எதை எடுப்பது, எப்படி நறுக்குவது எல்லாமே அந்தந்தப் பொருளுக்குள் எழுதி வைக்கப்பட்ட நிரல்கள். வீட்டுக்குப் புதிதாக ஒரு பியானோ வாங்கினால், பியானோ வாசிக்கும் வித்தையும் அதனுடன் சேர்ந்தே வந்து இறங்கிவிடும். ஆள் ஏறக்குறைய காலி.

இந்த ஏற்பாட்டை யோசித்த வில் ரைட் எறும்புகளில் ஈடுபாடு கொண்டவர். 1991-இல் அவருடைய மாக்ஸிஸ் நிறுவனம் 'சிம்ஆன்ட்' என்றொரு விளையாட்டையே வெளியிட்டது. தனி எறும்புக்கு அறிவு சொற்பம். தரையில் கிடக்கும் வாசனைத் தடம்தான் அதை நடத்துகிறது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. ஒரு குடும்பம் மறுபடியும் வாழத் தொடங்க எந்தெந்தப் பொருள்கள் வேண்டும், எந்த வரிசையில் வேண்டும் என்று அவர் உட்கார்ந்து யோசிக்க நேர்ந்தது. முதலில் அவர் மனத்தில் இருந்தது வீடு கட்டும் விளையாட்டு. கட்டிய வீடு வாழத் தக்கதா என்று சொல்வதற்கு உள்ளே ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆட்கள் வந்ததும் வீடு பின்னால் போய்விட்டது. பொம்மை வீட்டை வைத்து யார் விளையாடுவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே பலர் தயங்கினார்கள். 2000 பிப்ரவரியில் 'தி சிம்ஸ்' என்று வெளிவந்த அந்தப் பொம்மை வீடு, 2002-இல் 'மிஸ்ட்' விளையாட்டைத் தாண்டி, அதுவரை மிக அதிகமாக விற்ற கணினி விளையாட்டானது. விளையாடியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். துப்பாக்கியும் பந்தயக் காரும்தான் கணினி விளையாட்டு என்று நம்பியிருந்த தொழிலுக்கு அது அதிர்ச்சிதான்.

வாழ்க்கையைக் கட்டமும் காயுமாக ஆக்கும் ஆசை கணினிக்கு முந்தியது. நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருக்க விரித்த பரமபதம், புண்ணியத்துக்கு ஏணியும் பாவத்துக்குப் பாம்பும் வைத்திருந்தது. 1860-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி வெளியிட்ட வாழ்க்கை விளையாட்டின் பலகையில் வறுமைக்கு ஒரு கட்டம், நிறைவான முதுமைக்கு ஒரு கட்டம், தற்கொலைக்கும்கூட ஒரு கட்டம் இருந்தது. அவை எல்லாம் முடிவு என்ற ஒன்றை நோக்கி ஓடின. கணினியில் வந்தவை முடிவைத் தூக்கி எறிந்தன. 1985-இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' விளையாட்டில் ஒரு சின்ன மனிதர் தன் நாயுடன் மூன்று மாடி வீட்டில் குடியிருப்பார். அவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் விளையாட்டு. வெற்றி கிடையாது. இந்த வகையின் விதை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் இது வேறு கிளையாக வளர்ந்தது. டோக்கியோவுக்கு வந்துவிட்ட மியாசாகிக்காரர் யசுஹிரோ வாடா, விட்டுவந்த கிராமப்புறத்தை நினைத்து 1996-இல் 'ஹார்வெஸ்ட் மூன்' செய்தார். கட்சுயா எகுச்சி, சிபாவில் குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுவிட்டு நின்டெண்டோ வேலைக்காகக் கியோத்தோ போனவர். அந்தத் தனிமையிலிருந்து 2001-இல் 'அனிமல் கிராசிங்' வந்தது. ரைட்டுக்கு எரிந்த வீடு, வாடாவுக்கு விட்டுவந்த ஊர், எகுச்சிக்குத் தூரத்துக் குடும்பம். இந்த வகையின் பெரிய விளையாட்டுகள் மூன்றும் ஓர் இழப்பிலிருந்து பிறந்திருக்கின்றன. ஆனால் மூன்றுமே இழப்பைத் தம் வாசற்படிக்கு உள்ளே விடுவதில்லை. அவற்றின் கவர்ச்சியும் அதுதான், குறையும் அதுதான்.

கவர்ச்சியை முதலில் பார்ப்போம். 'ஹார்வெஸ்ட் மூன்' வழியில், எரிக் பரோன் சியாட்டிலில் ஓர் அரங்கில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு, படம், இசை, நிரல் அனைத்தையும் தனி ஆளாகச் செய்து, நாலரை ஆண்டுகளில் முடித்த 'ஸ்டார்டியூ வேலி' 2016 பிப்ரவரியில் வந்தது. இதுவரை 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கதை எளிது. பெரிய நிறுவனம் ஒன்றில் மேசையோடு மேசையாகத் தேய்ந்துகொண்டிருக்கும் ஒருவர், தாத்தா விட்டுப்போன பண்ணைக்குப் போகிறார். பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதை 20 பொன். நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் நாலு நாளில் விளையும். விற்றால் 35 பொன். ஒன்று விற்றாலும் 35, ஓராயிரம் விற்றாலும் ஒவ்வொன்றுக்கும் 35. வரத்து அதிகம் என்று விலை விழாது, கமிஷன் மண்டி கிடையாது. விலை சரிந்த நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனவரை அறிந்த வாசகருக்கு, இது விவசாயம் பற்றிய விளையாட்டு இல்லை என்பது உடனே புரியும். உழைப்புக்கும் கூலிக்கும் இடையே யாரும் புகுந்துவிடாத ஓர் உலகம் பற்றியது இது.

'அனிமல் கிராசிங்' இதே வாக்குறுதியைக் கடன் மூலம் சொல்கிறது. தீவுக்கு வந்து சேர்ந்த சில காலத்தில் டாம் நூக் என்ற வியாபாரி வீடு கட்டிக் கொடுத்து, அந்த உலகின் நாணயத்தில் 98,000 பெல் கடன் என்பார். வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது, வீட்டு வாசலில் வந்து நின்று யாரும் கத்துவதும் கிடையாது. மீன் பிடித்து, பழம் பறித்து, தோன்றும்போது கட்டலாம். நூக்கைப் பேராசைக்கார முதலாளி என்று இணையத்தில் கேலி செய்கிறார்கள். நிஜத்தில் வீட்டுக்கடன் வாங்கிய எவரும் அந்தக் கேலியில் சேர மாட்டார்கள்.

'அனிமல் கிராசிங்' வரிசையில் இந்தத் தீவைக் கொண்ட 'நியூ ஹொரைசன்ஸ்' 2020 மார்ச் 20 அன்று வெளியானபோது உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. விளையாட்டின் கடிகாரம் நிஜக் கடிகாரத்தோடு ஓடுவதால், வெளியே விடியும்போது தீவிலும் விடியும். நின்றுபோன கல்யாணங்களைச் சிலர் அங்கே நடத்தினார்கள். ஹாங்காங்கின் ஜனநாயகப் போராளி ஜோஷுவா வோங் தன் தீவில் போராட்டப் பதாகை கட்டினார். சில நாள்களில் சீன இணையக் கடைகளிலிருந்து அந்த விளையாட்டு காணாமல்போனது. அரசியலே இல்லாத ஊராகச் செய்து வைத்த இடத்துக்குள் மனிதர்கள் தம் அரசியலைத் தூக்கிக்கொண்டு நுழைந்த சம்பவம் அது. ஒரு வகையில் அந்த விளையாட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதையும்கூட.

இனி குறைகள். இந்த உலகங்களில் உறவு என்பது ஒரு பட்டை. 'ஸ்டார்டியூ'வில் ஊர்க்காரர் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு பரிசுகள் தரலாம். பிறந்தநாளில் தந்தால் எட்டு மடங்கு பலன். இதயக் குறிகள் எட்டைத் தொட்டதும் பூங்கொத்து, பத்தைத் தொட்டதும் திருமணம். பெண்ணோ பையனோ மாட்டேன் என்று சொல்வதுண்டு, ஆனால் அந்த மறுப்புக்குப் பொருள் 'இன்னும் பட்டை நிரம்பவில்லை' என்பது மட்டுமே. கல்யாணத்துக்குப் பிறகு அவர் சமையலறையில் நின்று சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். காதலிக்கும் வரை ஆளாக இருந்தவர் வீட்டுச் சாமானாகிவிட்டார் என்று ஆட்டக்காரர்கள் வெகுகாலமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். முதல் 'சிம்ஸ்' இன்னும் வெளிப்படை. வேலையில் பதவி உயர்வு வேண்டுமென்றால் இத்தனை நண்பர்கள் என்று அது கணக்குக் கேட்டது. விலை கூடிய சோபா அதிக ஆறுதல் தந்தது. இது நுகர்வுப் பண்பாட்டுப் பிரச்சாரம் என்று விமர்சித்தார்கள். வாங்கிக் குவித்த பொருள்கள் பழுதாகி நேரத்தைத் தின்பதைக் காட்டும் நையாண்டி என்று ரைட் பதில் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் 'சிம்ஸ் 4' விளையாட்டை அடிப்படை இலவசம் என்று 2022-இல் அறிவித்துவிட்டு, பூனை நாய்க்கு ஒரு பொதி, பருவகாலங்களுக்கு ஒரு பொதி என்று தனித்தனியாக விற்கும் நிறுவனத்திடம் நையாண்டியின் சுவடு எதுவும் எனக்குத் தென்படவில்லை. எல்லாப் பொதிகளையும் முழு விலைக்கு வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். மழை பெய்ய வேண்டுமென்றாலும் காசு.

நிரல் எழுதுபவரின் உலக அறிவே அங்கே இயற்கை விதி. 1999-இல் இ3 என்ற விளையாட்டுக் கண்காட்சியில் 'சிம்ஸ்' முன்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு கல்யாணக் காட்சியில் இரண்டு பெண்கள் தாமாகவே முத்தமிட்டுக்கொண்டார்கள். நிரலாளர் பேட்ரிக் பாரெட், கைவிடப்பட்டிருந்த பழைய வடிவமைப்புக் குறிப்பைப் பார்த்து எழுதியதால் அந்த வாய்ப்பு உள்ளே தங்கியிருந்தது. பழைய காகிதம் அவர் கைக்கு வராமல் போயிருந்தால் அந்த உலகில் அப்படி ஒரு காதல் சாத்தியமே இல்லை. தமிழ் வாசகருக்கு வேறொரு கட்டுப்பாடு கண்ணில் படும்: ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கு மேல் குடியிருக்க முடியாது. பெரிய கூட்டுக்குடும்பம் அதில் அடங்காது. அடங்கினாலும், சித்தப்பா இருக்கும் கூடத்தில் கால் நீட்டி உட்காரத் தயங்குவதை எந்தப் பட்டையில் காட்டுவது?

மரணம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. 'சிம்ஸ்' வீட்டில் அடுப்பு தீப்பிடிக்கும், கறுப்பு அங்கியில் எமன் வருவார். ஆனால் சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் அவர் வந்த சுவடே இருக்காது. நீச்சல் குளத்தின் ஏணியை எடுத்துவிட்டு ஆளை மூழ்கடிப்பது ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலமாகப் பெயர்போன நகைச்சுவை. 1996-இல் பண்டாய் விற்ற தமகோச்சி முட்டைப் பொம்மை ஒன்றுதான் இதில் கொஞ்சம் நேர்மையாக இருந்தது. பள்ளி நேரத்தில் கவனிக்கத் தவறினால் செத்துப்போனது. ஜப்பானியப் பதிப்பு கல்லறையைக் காட்டியது. அமெரிக்காவுக்குப் போனபோது கல்லறைக்குப் பதில் தேவதையை வைத்துவிட்டார்கள்.

இந்த எல்லைகளை ஓர் ஆட்டக்காரர் மீறியதும் உண்டு. 2009-இல் 'சிம்ஸ் 3' வந்த சமயம், இங்கிலாந்தில் விளையாட்டு வடிவமைப்புப் படித்த ஒரு மாணவர் கெவ், ஆலிஸ் என்ற தகப்பனையும் மகளையும் உருவாக்கினார். அவர்களிடமிருந்த பணத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கைவிடப்பட்ட பூங்கா போன்ற ஒரு மனையில் விட்டுவிட்டார். தகப்பன் முன்கோபி, குழந்தைகளைப் பிடிக்காதவன். மகள் இளகிய மனம் படைத்தவள், தன்னம்பிக்கை இல்லாதவள். பொருள்கள் அறிவிப்பதைக் கேட்டு நடக்க வேண்டிய ஆட்களுக்குப் பொருள்களே இல்லாமல் போனது. ஆலிஸ் பிறர் வீட்டில் போய்ச் சாப்பிட்டாள், கிடைத்த இடத்தில் தூங்கினாள், தூக்கம் போதாமல் பள்ளியில் தள்ளாடினாள். கடைசியில் வேலை கிடைத்துக் கைக்குக் கொஞ்சம் பணம் வந்தபோது, அதைத் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற விருப்பம் அவளுக்குள் தானாக எழுந்து திரையில் வந்தது. ஆட்டக்காரர் அதை நிறைவேற்றி வைத்தார். எண்கள் சில மோதியதில் விழுந்த தற்செயல்தான் அது. ஆனால் எண்ணற்றவர்கள் அந்தக் கதையைப் படித்துக் கலங்கினார்கள். அவர்களைக் கலங்க வைத்தது, அவள் ஆட்டக்காரரின் வசதிக்கு உகந்ததைச் செய்யாதது.

செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்தக் குறை தீரும் என்று இப்போது சொல்கிறார்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட், கூகுள் ஆய்வாளர்கள் 'சிம்ஸ்' பாணியில் ஒரு சிற்றூரை அமைத்து, மொழி மாதிரியால் இயங்கும் 25 ஆட்களைக் குடியேற்றினார்கள். ஒருத்தி காதலர் தின விருந்து வைக்க நினைத்தாள். சேதி ஒருவர் மூலம் ஒருவருக்குப் பரவி, சிலர் சரியான நேரத்துக்கு வந்தும் சேர்ந்தார்கள். வியப்புதான். ஆனால் அதே ஆய்வாளர்கள் குறித்து வைத்த குறை எனக்கு இன்னும் முக்கியம். அந்த ஆட்கள் அளவுமீறி இணக்கமானவர்கள், யார் எதைச் சொன்னாலும் மறுப்பது அரிது. 2025 மார்ச்சில் கொரியாவின் கிராஃப்டன் முன்னோட்டமாக வெளியிட்ட 'இன்சோய்' விளையாட்டிலும் சிறிய மொழி மாதிரியால் யோசிக்கும் ஆட்கள் உண்டு. முகத்தின் துளைகள் வரை தெரியும் அழகு. அவர்களும் நம்மை எதிர்த்து நிற்பதற்காக உருவானவர்கள் இல்லை. எதிர்த்து நின்றால் வாங்குவார்களா என்பது வேறு கேள்வி. வாங்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நாள் முழுதும் மேலாளரிடமும் மாமியாரிடமும் வளைந்து கொடுத்துவிட்டு வந்தவர், இரவு பத்து மணிக்கு இன்னொருவரின் பிடிவாதத்தைக் காசு கொடுத்து வாங்குவாரா? கணினியின் திறன் போதாமையாக நாம் எண்ணுவதில் பெரும்பகுதி நம் விருப்பம்தான்.

பிடிவாதம் பிடிக்கும் பாத்திரம் வேண்டுமென்றால் இந்த வகைக்கு வெளியே போக வேண்டும். டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' அப்படிப்பட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்வதே ஆட்டக்காரரின் முக்கிய வேலை. பசிப் பட்டை கிடையாது, வீட்டுக்குச் சாமான் வாங்கவும் முடியாது. மகன் கவின் வளர வளரத் தமிழை விட்டும் அம்மாவை விட்டும் விலகிப் போகிறான், அதை நிறுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. இதில் சமையல் ஃபிரிட்ஜுக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும். 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. சுதந்திரம் என்று பார்த்தால் 'சிம்ஸ்' கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இது தருவதில்லை. வாழ்க்கை என்று பார்த்தால் எனக்கு இதுவே நெருக்கம்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். முதல் 'சிம்ஸ்' 25-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2025 ஜனவரி இறுதியில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. புதிய பதிப்புகளை விட அதுவே கூர்மையானது, ஏழ்மையை ஓரளவாவது காட்டுவதும் அதுதான். 'வெண்பா'வை ஒரே மாலையில் முடித்துவிடலாம். இரண்டையும் அடுத்தடுத்து விளையாடிப் பாருங்கள்.