மறுப்பும் இசைவும்

தழுவல் என்றாலே இழிவு எனக் கருதுவோர் நம்மிடையே உண்டு. தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார். முதனூலோடு பெரிதும் ஒத்து, வேண்டிய வேறுபாடு கொள்வது வழிநூல். சிறிதே ஒத்து, ஏனையவற்றில் வேறுபடுவது சார்புநூல். இவ்வளவுகோல் திரைப்படத்திற்கும் பொருந்தும்.

ராஜ் என். சிப்பி இயக்கத்தில் 1977-இல் வெளிவந்த ‘இன்கார்’ என்னும் இந்திப் படம், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 1963-ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவியது. அப்படமோ எட் மெக்பெய்னின் 1959-ஆம் ஆண்டு அமெரிக்க நாவலின் வழி வந்தது. காலணித் தொழிலதிபரின் மகனைக் கடத்த முனைந்தோர், தவறுதலாக அவருடைய ஊழியரின் மகனைக் கவர்ந்து செல்கின்றனர். பணம் கேட்பதோ முதலாளியிடமே. தன் மகனுக்காக எவனும் ஈவான். பிறன் மகனுக்காகத் தன் செல்வம் அனைத்தையும் துறப்பானா? இவ்வினாவே கதையின் உயிர்.

ஜப்பானியத் தலைப்பின் பொருள், ‘சுவர்க்கமும் நரகமும்’. குன்றின்மேல் மாளிகை, கீழே புழுக்கம் மிகுந்த குடியிருப்பு என அது இடத்தைச் சுட்டுகிறது. ‘இன்கார்’ என்பதற்கு மறுப்பு என்று பொருள். இது மனத்தைச் சுட்டுகிறது. நாவலின் முதலாளி பணம் தர இறுதிவரை மறுக்கிறான். குரோசாவாவின் முதலாளியோ முதலில் மறுத்து, பின்னர் இசைந்து, பதவியையும் வீட்டையும் இழக்கிறான். மறுப்புக்கும் இசைவுக்கும் இடைப்பட்ட அந்தப் போராட்டத்தை ஸ்ரீராம் லாகூ தம் நடிப்பில் நன்கு புலப்படுத்துகிறார். அதுவரை ‘இன்கார்’ நல்லதொரு வழிநூல்.

அதன்பின் படம் காவல் அதிகாரியாக வரும் வினோத் கன்னாவின் கைக்கு மாறுகிறது. ‘ஷோலே’யால் 1975-இல் புகழ்பெற்ற அம்ஜத் கான் எதிரில் நிற்கையில் துரத்தலும் மோதலும் முதன்மை பெறுவது இயல்பே. விறுவிறுப்புக்குக் குறைவில்லை, ஆயினும் இழப்பு சிறிதன்று. குரோசாவா தம் படத்தைக் கைதுடன் முடிக்கவில்லை. தூக்குத்தண்டனை பெற்ற ஏழை மருத்துவ மாணவனையும் அனைத்தையும் இழந்த முதலாளியையும் சிறையில், கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் அமர்த்துகிறார். குற்றவாளி பிடிபட்ட பின்னும் குற்றத்தின் வேர் பிடிபடவில்லை என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. பிற்பகுதியில் ‘இன்கார்’ சார்புநூலாகச் சுருங்குவது அக்காட்சியின் ஆழம் இன்மையாலேயே.

ஆயினும் பிறர் மகவைத் தம் மகவாய்க் கருதுவது சொல்லில் எளிது, கைப்பொருள் கேட்கையில் அரிது என்பதை இப்படம் மறைக்கவில்லை. அவ்வுண்மைக்காகவே ‘இன்கார்’ ஒருமுறை காணத் தக்கது. குரோசாவாவின் படம் மறுமுறையும் காணத் தக்கது.