அரசும் அரசாங்கமும்: ஒரு கலைச்சொற் சிக்கல்

அரசியற் கோட்பாட்டு நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு அரிய சொல்லால் விளைவதன்று. யாவரும் அறிந்த ‘அரசு’ என்னும் சொல்லால் விளைவது. ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்’, ‘கவர்மெண்ட்’ என வேறுபடும் இரு கருத்துகளுக்கும் இன்றைய தமிழ் உரைநடையில் இச்சொல் ஒன்றே பெரிதும் ஆளப்படுகிறது. இவ்வழக்கு எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்பது ஆராயத்தக்கது.

1933ஆம் ஆண்டின் மாண்டிவீடியோ ஒப்பந்தம் நிலையான மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கனையும் ஓர் அரசுக்குரிய தகுதிகளாகக் கூறுகிறது. இதன்படி அரசாங்கம் என்பது அரசின் கூறுகளுள் ஒன்று. தேர்தலால் அரசாங்கம் மாறலாம்; அரசு தொடர்ந்து நிற்கும். முழுமைக்கும் அதன் கூறுக்கும் ஒரே பெயரிடின் வரையறை பொருளிழக்கும். இந்திய அரசமைப்பின் 12ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகள் பற்றிய பகுதியில் ‘ஸ்டேட்’ என்பது அரசாங்கத்தையும் நாடாளுமன்றத்தையும் பிறவற்றையும் உள்ளடக்கும் என்கிறது. இரண்டையும் ‘அரசு’ என்றே பெயர்த்தால், அரசு என்பது அரசை உள்ளடக்கும் என்ற பயனற்ற கூற்றே எஞ்சும்.

இக்குழப்பத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. உயர்திணைப் பொருளைச் சுட்டினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களுள் ஒன்றாக ‘அரசு’ என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் எண்ணுகிறது. திருக்குறளிலும் இச்சொல் மன்னனைச் சுட்டி அம்முடிபே கொள்கிறது. ஆள்பவனையும் ஆட்சி அமைப்பையும் பிரித்தறியும் தேவை முடியாட்சிச் சூழலில் மிகுதியாக எழவில்லை. குடியாட்சியில் அத்தேவை தவிர்க்க இயலாதது.

ஆங்கிலம் இவ்வகையில் குறையற்றது என்பதற்கில்லை. இறையாண்மையுடைய அமைப்பையும் கூட்டாட்சியின் உறுப்பு நிலத்தையும் அது ‘ஸ்டேட்’ என்றே சுட்டுகிறது. பின்னதை ‘மாநிலம்’ எனப் பிரித்த தமிழ், இங்கு மூலத்தினும் தெளிவுடையது. பொருளாதாரத் துறையிலும் இத்தெளிவு காணப்படுகிறது. 1969இல் 14 வங்கிகள் பொதுவுடைமையாக்கப்பட்டதைச் சுட்டப் பயன்படும் ‘நாட்டுடைமை’ என்னும் சொல், உடைமை அவ்வப்போது ஆள்வோருக்கு உரியதன்று என்பதைத் தன்னுள்ளேயே உணர்த்துகிறது.

வேறுபாட்டைக் காவாமையின் விளைவு சட்டத்துறையில் கடுமையானது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு, சட்டத்தால் நிறுவப்பட்ட அரசாங்கத்தின்பால் வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தால் நிறுவப்பட்ட அரசாங்கம் வேறு, அப்போதைக்கு நிர்வாகம் நடத்துவோர் வேறு எனத் தெளிவுறுத்தியது. ஆயினும் தமிழ் இதழ்கள் பல இக்குற்றத்தைத் ‘தேசத் துரோகம்’ என்றே எழுதிவந்தன. மூலத்தில் அரசாங்கத்தைப் பற்றியதாக இருந்த ஒன்று, பெயர்ப்பில் தேசத்தைப் பற்றியதாயிற்று. ஆள்வோரைக் கண்டித்தவர் வழக்கு முடியுமுன்னரே நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்னும் பழியை அச்சொல்லாலேயே ஏற்க நேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றைப் பேசுவதால், இவ்வேறுபாட்டைப் பேணும் கடமை மேலும் கூடியுள்ளது.

சூழலே பொருளை விளக்கும் என்பர் சிலர். ‘அரசு மருத்துவமனை’, ‘தமிழ்நாடு அரசு’ போன்ற தொடர்களில் அது உண்மையே. அவ்வழக்கை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் ‘அரசுக்கு எதிரான பேச்சு’ என்னும் தொடரில் சூழல் துணைசெய்வதில்லை. கண்டனமா, கலகமா என்பதையே அது மயங்க வைக்கிறது. ஆகவே கோட்பாட்டு நூல்களிலும் சட்டப் பெயர்ப்புகளிலும் தொடர்ந்து நிற்பதற்கு ‘அரசு’, மாறுவதற்கு ‘அரசாங்கம்’, உறுப்பு நிலத்திற்கு ‘மாநிலம்’ என்னும் வரையறை பிறழாது பின்பற்றப்படல் வேண்டும். இதற்குப் புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டுவதில்லை. மூன்றும் மொழியில் முன்னரே உள்ளன. அவற்றை வேறுபடுத்தி ஆளும் ஒழுங்கே இன்றைய தேவை.