காலியிடம் என்கிற பிரதி
கல்வியியல் பேராசிரியர் பதவிகள் பற்றிச் சில குறிப்புகள்

1

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகளை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வரிக்கு வரி, அடிக்குறிப்பு விடாமல், பென்சிலால் கோடு போட்டு வாசிக்கப்படுகிற உரைநடை ஒன்று உண்டென்றால் அது இதுதான். நம்முடைய நாவல்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே இதையும் ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஓர் அறிவிக்கை வந்தது, நிறைவேறாமல் கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு இன்னொன்று; தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடியும் ஒன்று. மூன்றின் தலைப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி: அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் 'மற்றும்' கல்வியியல் கல்லூரிகள். கல்வியியல் இந்த 'மற்றும்'-க்குப் பின்னால்தான் வருகிறது. ஆசிரியர்களை உருவாக்குகிற ஆசிரியர் யார் என்கிற கேள்வி ஓர் இடைச்சொல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சைதாப்பேட்டை, லேடி விலிங்டன் உட்பட மாநிலம் முழுவதற்கும் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் ஏழுதான். விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. திருவாமாத்தூர்க்காரர் ஒருவர் பஸ் பிடித்துப் போய்வருகிற தூரத்தில் இருப்பது மயிலத்திலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம். அது பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தது, கல்லூரிப் பதவி அல்ல. மற்றபடி எங்கே திரும்பினாலும் சுயநிதிக் கல்லூரி. பி.எட். படிக்கிறவர்களில் ஆகப் பெரும்பாலோர் படிப்பது அங்கேதான். ஆக, கல்வியியல் பதவி என்று நாம் பேசும்போது அரசாங்கத்தின் ஒரு சில நாற்காலிகளையும், தனியாரின் எண்ணற்ற பெயர்ப் பலகைகளையும் சேர்த்தே பேசுகிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

2

திருவாமாத்தூருக்கு ஒரு கதை உண்டு. இரட்டைப் புலவர்கள், ஒருவர் கால் நடவாதவர், மற்றவர் கண் காணாதவர், இந்த ஊர்மீது கலம்பகம் பாடினார்கள். பம்பை ஆற்றின் எந்தக் கரையில் கோயில் இருக்கிறது என்பதைப் பாட்டில் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். அரங்கேற்றத்தில் ஆட்சேபம் கிளம்பியது. அன்று ராத்திரியே வெள்ளம் வந்து ஆறு தடம் மாறிப் போய்ப் பாட்டு மெய்யாகிவிட்டதாம். பக்தர்கள் இதை அற்புதம் என்பார்கள். பிரதிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய கதையாக இதை நான் வாசிக்கிறேன். சொல் முந்தி, நிலம் பிந்தி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகளும் இப்படித்தான் ஆற்றை நகர்த்துகின்றன. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கு 2021 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயம் என்றது 2018-ஆம் ஆண்டு விதி. அது 2023-க்குத் தள்ளிப்போனது. 2023 ஜூலை வந்ததும், நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு போதும், பிஎச்.டி. இருந்தால் இருக்கட்டும் என்றாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டு விதியோடு எம்.ஃபில். படிப்பே நின்றுபோனது. 2018-இல் இந்த விதியை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு ஆய்வில் சேர்ந்தவர் இன்று எந்தக் கரையில் நிற்கிறார்? கலம்பகக் கதையில் புலவரின் மானத்தைக் காப்பாற்ற ஆறு நகர்ந்தது. இங்கே விதி நகர்ந்தால் விண்ணப்பதாரரின் வீடு தண்ணீரில் நிற்கிறது.

3

'தகுதி' என்பது இயல்பாக ஒருவரிடம் இருக்கிற குணம் அல்ல, அது கட்டமைக்கப்படுகிறது. எப்படி என்று எண்களில் பார்த்துவிடலாம். 2013-இலும் 2019-இலும் வாரியம் கையாண்ட முறையில் மொத்தம் 34 மதிப்பெண். கற்பித்தல் அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்காணலுக்கு 10. அனுபவம் வருஷத்துக்கு இரண்டு மார்க். ஏழரை வருஷத்தில் பதினைந்தும் நிரம்பிவிடும். பிஎச்.டி.க்கு ஒன்பது மட்டும். அனுபவத்தை இவ்வளவு மதித்தது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் கேட்க ஒரு கேள்வி உண்டு: அந்த அனுபவம் எங்கே கிடைக்கிறது?

பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரியில். அங்கே நியமனத்துக்கு இடஒதுக்கீடு கிடையாது. 69 சதவீதமும் கிடையாது, இனச்சுழற்சியும் கிடையாது. தாளாளருக்கு யாரைத் தெரியுமோ, யாருடைய சாதிச் சங்கம் கல்லூரி நடத்துகிறதோ, அவருக்கு வேலை. ஏழெட்டு வருஷம் அங்கே சேகரித்த மார்க்கை எடுத்துக்கொண்டுதான் எல்லோரும் அரசின் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் இடஒதுக்கீடு இருந்தது, உண்மைதான். வாசலுக்கு வருகிற பாதையில் அது இல்லை. ஒரே இனப்பிரிவுக்குள்ளும்கூட, யாரால் குறைந்த சம்பளத்தில் ஏழு வருஷம் காத்திருக்க முடிந்ததோ அவரே முன்னே நின்றார். கூலி வேலை செய்கிற வீட்டிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்? தகுதி பற்றிய நம் சொல்லாடல் இந்த இடத்தில் சாமர்த்தியமாக மௌனம் சாதிக்கிறது.

அடுத்தது, அந்த அனுபவம் மெய்யா என்பது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 நெறிமுறைப்படி ஆண்டுக்கு நூறு பேரைச் சேர்க்கும் பி.எட். கல்லூரிக்கு 16 ஆசிரியர்கள் வேண்டும். அதில் நுண்கலைக்கு ஒருவர், இசை நடனம் நாடகம் போன்ற நிகழ்த்துகலைக்கு ஒருவர். படிக்க அழகாக இருக்கிறது. தெருக்கூத்து நடக்கிற மண் இது. ஆனால் ராத்திரி முழுக்க ஆடி, பையன்களுக்கு அடவு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் அந்தப் பதவிக்கு வர முடியாது. முதுகலைப் பட்டமும் 55 சதவீதமும் கேட்கிறார்கள். சரி, பட்டம் வைத்திருப்பவராவது வந்தாரா? எம்.எட். முடித்த யாரைக் கேட்டாலும் இந்த உரையாடலைச் சொல்வார். எனக்கும் இது நேர்ந்தது. கல்லூரியின் பெயர் இங்கே முக்கியமில்லை. "நீங்க தெனமும் வரணும்னு இல்ல சார். ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் குடுத்து வைங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கி வந்து தலைய காட்டுனா போதும். பின்னாடி அனுபவச் சான்றிதழ் நான் தர்றேன்." இதில் நஷ்டப்படுகிறவர் யாரும் இல்லை என்பதுபோலத்தான் பேச்சு இருக்கும். மாணவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

இது கல்வியியலுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் பொறியியல் கல்லூரிகளின் பட்டியலை எடுத்து வைத்தபோது, ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராக இருந்தது தெரியவந்தது. ஆசிரியர் கல்வியில் வணிகம் புகுந்துவிட்டதை உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-லேயே எழுதிவிட்டது. திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை என்று ஓர் இடம் உண்டு. அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்று நம்பிக்கை. பங்காளித் தகராறும் கடன் தகராறும் அங்கே வந்து தீர்ந்திருக்கின்றன. நம் மாநிலத்து அனுபவச் சான்றிதழ்களை அந்தப் பாறைமேல் வைத்து ஒரு சத்தியம் பண்ணச் சொன்னால் எத்தனை தாளாளர்கள் ஊருக்குள் கால் வைப்பார்கள்?

4

இனி 'காலியிடம்' என்கிற சொல்லுக்கு வருவோம். காலியிடம் காலியாக இருப்பதில்லை. அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அந்தத் தொகை 25,000-ஐத் தொட்டதே அண்மையில்தான். அதுவும் வருஷத்தில் பதினொரு மாதம். கௌரவம் என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் அகராதியில் சேர வேண்டியதுதான்.

ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற யோசனை புதிதல்ல. சொல்லப்போனால் கல்வியியல் என்கிற துறையின் ஒரு வேர் அதில்தான் இருக்கிறது. அந்த வேர் சென்னையில் ஓடுகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னையில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒரே சமயத்தில் பல படைப்பிரிவுகளுக்குப் பாதிரியாராக நியமனம் வாங்கியிருந்த மனிதர். இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி அப்போது இல்லை. நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் செய்யச் சொன்னார். சம்பளம் வாங்குகிற உதவி ஆசிரியர் முடியாது என்றார். பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்து அதை நடத்திக் காட்டினார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை அங்கே 'மெட்ராஸ் முறை' ஆனான். 1797-இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட, குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று இங்கிலாந்தே சுவீகரித்துக்கொண்டது.

கதையின் மிச்சம் இன்னும் சுவாரஸ்யம். பெல் விட்டுப்போன சொத்திலிருந்து 1876-இல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கல்விக்கென்று பேராசிரியர் பதவிகள் ஏற்படுத்தப்பட்டன. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகம் 1779-லேயே ஒன்றை வைத்திருந்தது. ஆனால் ஆங்கிலம் பேசுகிற உலகின் பல்கலைக்கழகங்களில் கல்வியியலுக்குக் கிடைத்த முதல் நிரந்தர நாற்காலிகளில் இவையும் உண்டு. மணலில் எழுதிய விரல்கள் இங்கே, நாற்காலி அங்கே. கல்வி ஆய்வுக்கும் வகுப்பறைக்கும் இருக்கிற தூரம் அன்றைக்கே அளந்து போட்டதுபோலிருக்கிறது.

இதைச் சொன்னதும் திண்ணைப் பள்ளிதான் பொற்காலம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளை உட்கார முடியாது. பெண் குழந்தைக்கும் பெரும்பாலும் இடமில்லை. திண்ணை வாத்தியாரின் வருமானம் மாதம் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை, அதற்குத் தகுதியான ஆள் வர மாட்டான் என்று 1826-இல் தாமஸ் மன்றோவே எழுதினார். மரபின் பெயரிலும் மலிவு, நவீனத்தின் பெயரிலும் மலிவு. இரண்டையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது.

5

பதவிக்கு ஆய்வு வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். எந்த ஆய்வு? நம் கல்வியியல் ஆய்வேடுகளின் தலைப்பு ஒரு வாய்பாடு: 'விழுப்புரம் மாவட்ட மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் மனப்பான்மைக்கும் அடைவுக்கும் உள்ள தொடர்பு'. மாவட்டத்தை மாற்றலாம், மனப்பான்மையை மாற்றலாம். வினாநிரலை முந்நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஆண் பெண், கிராமம் நகரம், அரசு தனியார், சாதிப் பிரிவு என்று மாறிகளாகப் பிரித்து, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடித்துவிடலாம். சாதி இங்கே அட்டவணையில் ஒரு வரிசை, அவ்வளவுதான். வகுப்பறையில் யார் பக்கத்தில் யார் உட்காரவில்லை என்பது எந்த மாறியிலும் விழாது.

வினாநிரல் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்குத்தான் போகும். வகுப்பில் இல்லாத பிள்ளை ஆய்விலும் இல்லை. இந்த வட்டாரத்தின் இருளர் குழந்தைகளுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லாததால் படிப்பு எங்கே அறுந்துபோகிறது என்பதை முதலில் பேசியவர்கள் கல்வியியல் துறையினர் அல்ல. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி, திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் நடத்திய பிரபா கல்விமணி அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பறையைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதிய ச. மாடசாமி தமிழ்ப் பேராசிரியர். 'ஆயிஷா' எழுதிய இரா. நடராசன் பள்ளி ஆசிரியர். இவர்கள் யாரும் கல்வியியல் நாற்காலியில் இருந்ததில்லை. இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியுமா? பள்ளி, சமூக ஏற்றத்தாழ்வைத் தகுதியின் வேஷத்தில் மறுஉற்பத்தி செய்கிறது என்று பூர்தியுவும் பாஸ்ரோனும் 1970-இல் எழுதினார்கள். பிஎச்.டி. ஆய்வேடுகளின் 'கருத்தியல் பின்புலம்' அத்தியாயத்தில் பூர்தியு பெயர் வரும். நான்காம் அத்தியாயத்து அட்டவணையில் அவர் வர மாட்டார்.

6

இப்போது எழுத்துத் தேர்வு வந்துவிட்டது. நேர்காணல் அறையில் ஊர்ப் பேரையும் அப்பா பேரையும் விசாரித்துப் போடப்பட்ட மார்க்கோடு ஒப்பிட்டால் எழுத்துத் தேர்வு எளியவர்க்கு ஓரளவு பாதுகாப்புதான். அதைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பியாஜே, ஸ்கின்னர், புரூனர் என்று பெயர்களைப் பொருத்துகிற தேர்வு கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. 2014 நெறிமுறையில் பி.எட். ஆசிரியருக்கான கட்டாயத் தகுதிகளை வாசித்துப் பாருங்கள். முதுகலை, எம்.எட்., 55 சதவீதம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்று அந்த வரிசையில் இல்லை. மருத்துவம் பார்க்காத ஒருவர் மருத்துவம் சொல்லித்தர நாம் சம்மதிப்போமா? ஆசிரியர் கல்வியில் மட்டும் சம்மதித்திருக்கிறோம்.

எழுதவேண்டிய அறிவிக்கை வேறு. அரசுப் பள்ளியில், ஆதிதிராவிடர் நலப் பள்ளியில், இரவுப் பாடசாலையில் குழந்தைகளோடு கழித்த வருஷங்களுக்கு மதிப்புக் கொடுப்பது. சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தாளாளரிடமிருந்து பிடுங்கி, சம்பளம் வங்கியில் ஏறிய கணக்கையே அனுபவத்துக்குச் சாட்சியாக்குவது. ஆய்வேட்டை அது பேசுகிற பள்ளியின் ஆசிரியர்கள் முன்னால், தமிழில், ஒருநாள் அரங்கேற்றச் சொல்வது; ஆட்சேபம் எழுந்தால் பதில் சொல்ல வைப்பது. மயிலத்து நிறுவனத்துக்கும் கல்லூரிகளுக்கும் நடுவில் ஆசிரியர்கள் மாறிமாறிப் போய்வர வழி செய்வது. இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. நிற்கிறவரை நிரந்தரமாக்குவதற்குத்தான் செலவாகும். அதைச் செய்தே ஆக வேண்டும்.

"இதெல்லாம் ரூல்ஸ்ல இல்லீங்களே" என்று பதில் வரும். ரூல்ஸ் 2018-இலும் 2022-இலும் 2023-இலும் மாறியதைப் பார்த்தோம். யாருக்காக மாறியது என்று கேட்பதற்கு இன்னும் ஆட்சேபக்காரர்கள் வேண்டும்.