முல்லர் செல்லைப் பார்க்காத கேமரா

போன மாசம் அம்மாவை ஓமந்தூரிலிருந்து திண்டிவனத்தில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆச்சு. விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு "நார்மல்" என்றார்கள். "அப்ப இனிமே கண்ணுக்குப் பயமில்லையாப்பா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் ஜாமா இதழில் எழுதிய கட்டுரையை மறுபடி படித்தேன். சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டுபிடிக்க, 1,28,175 படங்களை வைத்துக் கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் அதில் உண்டு. கண் மருத்துவர்களும் மூத்த பயிற்சி மருத்துவர்களுமாக 54 பேர் படங்களைத் தரம் பிரித்தார்கள். நல்ல வேலை, நேர்மையான கட்டுரை. டாக்டர் இல்லாத ஊருக்கு இது பெரிய உதவி.

என் குறை வேறு. நாம் எந்த லேபிளைக் கொடுக்கிறோமோ, நிரல் அதைத்தான் கற்கும். இங்கே லேபிள் என்பது பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சேதம்: வீக்கம், கசிவு, ரத்தப் புள்ளி. ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறதா?

ஹைன்ரிக் முல்லர் 1851இல் விவரித்த செல்கள் விழித்திரையின் முழுத் தடிமனிலும் ஊடுருவி நிற்கின்றன. பாடப்புத்தகம் இவற்றைத் 'துணைச் செல்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்தப் பெயரே தப்பு என்பேன். நரம்புச் செல்கள் பேசிக்கொள்ள விடும் குளுட்டமேட் மிஞ்சினால் அதே நரம்பைக் கொல்லும். முல்லர் செல்தான் அதை உறிஞ்சிக் குளுட்டமினாக மாற்றித் திருப்பித் தருகிறது. மிஞ்சும் பொட்டாசியத்தையும் தண்ணீரையும் வடிக்கிறது. சர்க்கரை ஏற்றிய எலிகளில் இந்தப் பொட்டாசிய வாசல் குறைந்து, செல் எளிதில் வீங்குவதைக் கண்டிருக்கிறார்கள். ரத்தக்குழாய் மாற்றம் கண்ணில் படுவதற்கு முன்பே விழித்திரையின் மின் துடிப்பு தாமதமாவதாகவும் ஆய்வுகள் உண்டு.

சாதாரண விழித்திரைப் படத்தில் இது எதுவும் தெரியாது. ஆகவே 'நார்மல்' என்றால் 'ரத்தக்குழாயில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை' என்று மட்டுமே அர்த்தம். கட்டுரை அதற்கு மேல் சொல்லவில்லை. செய்தியாகப் படித்த நாம்தான் அதிகம் எடுத்துக்கொண்டோம். முகாமிலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லலாம். முல்லர் செல்லைக் காக்க இன்றைக்குத் தனி மருந்து இல்லை என்பதால்தான் அது இன்னும் அவசியம்: கையில் இருப்பது சர்க்கரைக் கட்டுப்பாடும், வருஷா வருஷம் பரிசோதனையும்தான்.

அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன்: "படத்துல தெரியுற அளவுக்கு ஒண்ணும் இல்லம்மா. மாத்திரையை விடாத. அடுத்த வருஷம் மறுபடி போவோம்."