பெயரும் பங்கும்: எண்மிய இசை விநியோகத்தில் தமிழ் இசைக்கலைஞரின் வருவாய்

ஆய்வுச் சுருக்கம்

இசை செயலிகளின் வழியே கேட்போரை வந்தடையும் இக்காலத்தில் கலைஞருக்குச் சேரும் பங்கு குறைந்துவிட்டது என்ற கருத்துப் பரவலாக நிலவுகிறது. ஒரு முறை கேட்பதற்குக் கிடைக்கும் தொகை மிகச் சிறிது என்பது இதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. தமிழ்த் திரையிசையைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பங்கு பெறும் தகுதி யாருக்கு உண்டு என்பதைப் பதிவேடுகளில் இடம்பெறும் பெயர் தீர்மானிக்கிறது. இசைக்கருவி வாசிப்போர் அப்பதிவேடுகளுக்கு வெளியே நிற்கின்றனர். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், செயலிகளின் பகிர்வு முறை, அண்மைக்காலப் பொதுவிவாதம் ஒன்று ஆகியவற்றின் வழி இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்மிய விநியோகம், உரிமத்தொகை, பதிப்புரிமை, திரையிசை, இசைக்கருவியாளர், விவரத்தரவு

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படையில், தடாரி இசைத்துப் பாடிய பொருநனுக்குக் கரிகாலன் பொற்றாமரை சூட்டுகிறான். உடன் வந்த பாடினிக்குப் பொன்மாலையும் முத்தும் தனியே வழங்கப்படுகின்றன. பாட்டை இயற்றிய முடத்தாமக்கண்ணியாரின் பெயர் நமக்குக் கிடைத்துள்ளது. பரிசு பெற்ற பொருநனின் பெயரும் பாடினியின் பெயரும் பாட்டில் இல்லை. ஆயினும் பரிசு உரியவரைத் தவறாமல் சேர்ந்தது. வாசித்தவனும் கேட்டவனும் ஓரவையில் எதிரெதிரே இருந்தமையால் அங்குப் பெயர் தேவைப்படவில்லை.

இன்று கேட்பவருக்கும் வாசிப்பவருக்கும் இடையில் தயாரிப்பாளர், இசை நிறுவனம், செயலி, உரிமத்தொகை வசூலிக்கும் சங்கம் எனப் பலர் உள்ளனர். கேட்பவர் செலுத்தும் பணம் இத்தனை கைகளைக் கடந்து கலைஞரை அடையவேண்டுமாயின், அக்கலைஞர் யார் என்பது ஒவ்வொரு நிலையிலும் எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுத்தில் இல்லாதவருக்குப் பணம் செல்ல வழியில்லை. எண்மிய விநியோகம் பற்றிய தமிழ்ச் சூழலின் உரையாடல்களில் இக்கூறு போதிய கவனம் பெறவில்லை.

ஒலிநாடாக் காலத்து ஏற்பாடு

செயலிகள் வந்தபின் வருவாய் சரிந்தது எனக் கூறுவோர், அதற்கு முன்னர்க் கலைஞருக்கு விற்பனைக்கேற்ற பங்கு கிடைத்துவந்ததாகக் கருதுகின்றனர். மேலைநாட்டு இசைக்குழுக்களைப் பொறுத்தவரை இது ஓரளவு பொருந்தலாம். தமிழ்த் திரையிசையில் நிலைமை வேறு. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 1977இல் தீர்ப்பளித்தது. ஊதியம் கொடுத்துப் படத்துக்கென இசையும் பாடலும் ஆக்குவிக்கும் தயாரிப்பாளரே, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அவற்றின் முதல் உரிமையாளர் ஆகிறார் என்பது அதன் சாரம். அத்தீர்ப்போடு இணைந்த தம் குறிப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், இசையமைப்பாளரைக் கருதும் சட்டத்தில் பாடகரின் குரலுக்கு இடமில்லாமையைச் சுட்டிக்காட்டினார்.

தயாரிப்பாளர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை ஒரு தொகைக்கு இசை நிறுவனத்துக்கு விற்றுவிடுவதே வழக்கமாயிற்று. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் பெரும்பாலும் ஒருமுறை ஊதியத்தோடு நின்றனர். வயலின், குழல், தவில், தபேலா வாசித்தோர் கால்ஷீட் கணக்கில் கூலி பெற்றனர். எம். பி. சீனிவாசன் முன்னின்று உருவாக்கிய திரை இசைக்கலைஞர் சங்கம் அக்கூலியை முறைப்படுத்தியது. கலைஞர்கள் பேரம் பேசும் வலிமையையும் பெற்றனர். எனினும் அவ்வுரிமை ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலோடு முடிந்தது. ஒரு பாடல் பத்தாயிரம் நாடாக்கள் விற்றாலும் பத்து இலட்சம் விற்றாலும் அதில் வயலின் வாசித்தவரின் கூலி மாறவில்லை.

ஆகவே, செயலிகள் அவரிடமிருந்து ஒரு பங்கைப் பறித்தன எனக் கூற இயலாது. அவருக்கு முன்பும் பங்கு இருந்ததில்லை. ஒலிநாடாக் காலத்தில் ஒரு பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதை ஒருவரும் அறியார். இன்று ஒவ்வொரு கேட்பும் எண்ணப்படுகிறது. எண்ண இயலாது என்ற சமாதானம் நீங்கிவிட்ட பின்னும் பங்கு இல்லாதிருப்பதுதான் இன்றைய சிக்கல்.

செயலியின் கணக்கு

பெரும்பாலான செயலிகளில் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்ற நிலையான விலை கிடையாது. சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரு பொதுத்தொகுப்பாகத் திரட்டப்படுகின்றன. ஸ்பாட்டிஃபை நிறுவனம் தன் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு வழங்குவதாகக் கூறுகிறது. அத்தொகை, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு பதிவும் பெற்ற விழுக்காட்டுக்கேற்பப் பிரிக்கப்படுகிறது.

இம்முறையின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு செயலிக்கு இரண்டே சந்தாதாரர்கள் எனக் கொள்வோம். இருவரும் மாதம் 100 ரூபாய் செலுத்துகின்றனர். செயலி தன் பங்காக 60 ரூபாய் எடுத்துக்கொள்ள, 140 ரூபாய் எஞ்சுகிறது. முதலாமவர் நாதஸ்வரப் பதிவுகளை 100 முறையும் மற்றவர் திரைப்பாடல்களை 900 முறையும் கேட்கின்றனர். பொதுத்தொகுப்பு முறையில் நாதஸ்வரப் பதிவுகளுக்கு 14 ரூபாயும் திரைப்பாடல்களுக்கு 126 ரூபாயும் சேரும். நாதஸ்வரம் மட்டுமே கேட்டவரின் பணத்தில் பெரும்பகுதி அவர் கேளாத பாடல்களுக்குச் செல்கிறது. ஒருவரது சந்தா அவர் கேட்டவற்றுக்கே செல்லும் முறையில் இருதரப்பும் 70 ரூபாய் பெறும். சவுண்ட்கிளவுட் 2021இல் இத்தகைய மாற்றை ஒரு பகுதிக் கலைஞர்களுக்கு அறிமுகப்படுத்தியது. ஸ்பாட்டிஃபையோ 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 கேட்புகளை எட்டாத பதிவுகளுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை வழங்குவதை நிறுத்தியது. சிற்றூர்த் திருவிழாவில் வாசித்த நையாண்டி மேளத்தையோ ஒப்பாரியையோ தாமே பதிவேற்றும் கலைஞர் இத்தகைய எல்லைக்கு வெளியே நின்றுவிட வாய்ப்பு மிகுதி.

பகிர்வு முறை குறித்த இவ்விமர்சனம் நியாயமானது. ஆனால் பகிர்வு முறையை மாற்றினாலும் பணம் சென்று சேரும் இடம் பதிவின் உரிமையாளர் கணக்கே. அங்கிருந்து வாசித்தவருக்கு அது வருமா என்பது ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் பொறுத்தது.

இசை நிறுவனங்களின் நிலை

இவ்வுரிமையாளர் பெரும்பாலும் இசை நிறுவனமே. நிறுவனங்களின் வரலாற்றை ஒருதலையாகப் பார்த்தல் தகாது. 2000ஆம் ஆண்டுகளில் நடைபாதைகளில் ஒரே குறுந்தகட்டில் நூற்றுக்கணக்கான பாடல்கள் திருட்டுப் பதிவாக விற்கப்பட்டபோது அவை பேரிழப்பைச் சந்தித்தன. அந்நிலையிலிருந்து அவற்றை மீட்டது எண்மிய விநியோகமே. அச்சிடவும் கிடங்கில் வைக்கவும் செலவில்லை. பழைய பாடலும் புதிய பாடலைப்போல் நாள்தோறும் ஈட்டுகிறது. கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் வழித்தோன்றலான சரிகம, பல தலைமுறைப் பாடல்களைத் தன் உடைமையாகக் கொண்டிருப்பதன் பொருள் இன்று முழுமையாக வெளிப்படுகிறது.

சட்டமும் அவற்றின் பேரவலிமையைக் கூட்டியது. ஒலிபரப்பாளர்கள் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தில் உரிமம் பெற வகைசெய்யும் 31டி பிரிவு இணையவழிச் செயலிகளுக்குப் பொருந்தாது என, டிப்ஸ் நிறுவனம் விங்க் செயலிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதனை உறுதிசெய்தது. ஆகவே செயலி, நிறுவனம் கேட்கும் விலைக்கு இணங்கவேண்டும். இல்லையேல் பாடலை நீக்கவேண்டும். மறுபுறம், இலவசமாகக் கேட்கும் பழக்கம் வேரூன்றிய இந்தியச் சந்தையில் ரெஸ்ஸோ, விங்க் ஆகிய செயலிகள் 2024இல் மூடப்பட்டன. விநியோகிப்பவர் மாறுகிறார், பதிவை உடையவர் நிலைக்கிறார்.

2012ஆம் ஆண்டுத் திருத்தமும் அதன் எல்லையும்

1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவை மாற்றும் முயற்சியாகப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. திரைப்படத்தில் இடம்பெறும் பாடலின் ஆசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலான பிற பயன்பாடுகளுக்கு, உரிமை பெற்றவரோடு சமமாக உரிமத்தொகை பெறும் தகுதியை விட்டுக்கொடுக்க இயலாது எனத் திருத்தம் விதித்தது. தமிழ்ப் பாடலாசிரியர் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 2017இல் மீண்டும் பதிவு பெற்றபின் இத்தொகையை வசூலிக்கும் வழியும் சீரடைந்தது.

நிகழ்த்துநருக்கும் திருத்தம் ஓர் உரிமையைத் தந்தது. வணிகப் பயன்பாட்டில் அவர்கள் உரிமத்தொகை பெறலாம் என 38ஏ பிரிவு கூறுகிறது. நிகழ்த்துநர் என்ற சொல்லின் வரையறையில் பாடகரோடு இசைக்கருவியாளரும் அடங்குவர். ஆனால் அதே வரையறைக்கு ஒரு காப்புரை சேர்க்கப்பட்டுள்ளது. திரைப்படத்தில் ஒருவரது நிகழ்த்துதல் தற்செயலானதாகவோ உடன்நிகழ்வாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி படத்தின் பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் குறிப்பிடப்படாவிடில், நன்மதிப்பு காக்கும் ஒரு கூறு தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகக் கருதப்படார் என்பது அதன் பொருள்.

இக்காப்புரை நுணுகி நோக்கத்தக்கது. பின்னணியில் கடந்துசெல்லும் துணைநடிகரை மனத்திற்கொண்டு இது வகுக்கப்பட்டிருக்கலாம். ஒரு பாடலின் இடையிசையைத் தாங்கும் குழலை உடன்நிகழ்வு எனக் கூறுவது எளிதன்று. ஆயினும், பெயர் குறிப்பிடாத தொழில் வழக்கத்தையே உரிமை மறுப்புக்கான அளவுகோல்களுள் ஒன்றாகச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. பெயரை விடுபவர் தயாரிப்புத் தரப்பினர். அதன் இழப்பைச் சுமப்பவர் கலைஞர். குறை செய்தவருக்கே அக்குறை பயன்படும் இவ்வமைப்பைத் திரையிசை பற்றிய எழுத்துகள் போதிய அளவு கேள்விக்குட்படுத்தவில்லை.

பெயர் விடுபடும் இடங்கள்

ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றின் உறையில் பெயர்களுக்கு இடம் இருந்தது. ஏ. ஆர். ரகுமான் தம் இசைத்தொகுப்புகளில் கருவியாளர்களின் பெயர்களை அச்சிட்ட வழக்கம் பலரைக் கேட்போருக்கு அறிமுகப்படுத்தியது. செயலிக்கு மாறியபோது உறை மறைந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி எனப்படும் பன்னிரண்டு எழுத்தெண் குறியீடு உண்டு. அது பதிவை அடையாளம் காட்டுமேயன்றி வாசித்தவரைக் காட்டாது. வாசித்தவரை விவரத்தரவு எனப்படும் இணைப்புக் குறிப்பில் தனியே சேர்க்கவேண்டும். பல செயலிகளின் முகப்பில் இசையமைப்பாளர், பாடகர் பெயர்களே தோன்றுகின்றன. பாடலாசிரியர் பெயரை வேறொரு திரையில் தேடவேண்டியுள்ளது. கருவியாளர் பெயர் அங்கும் அரிது.

பெயரும் பங்கும் எவ்வளவு நெருங்கியவை என்பதை 2021இல் வெளியான ‘என்ஜாயி எஞ்சாமி’ பாடலைச் சூழ்ந்த விவாதம் காட்டுகிறது. இது திரைப்பாடலன்று, மாஜா என்னும் தனியிசை அமைப்பின் வழி வெளியிடப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவுகளிலிருந்து பாடல் பிறந்ததாக அறிவு கூறியுள்ளார். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீ இடம்பெற்றார், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் அதனைக் கண்டித்தனர். இங்கு நிகழ்ந்தது பெயர் பற்றிய வழக்கு. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இப்பாடலால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை எனப் பொதுவெளியில் கூறினார். வெளியீட்டுத் தரப்பு அதனை மறுத்தது. இது பங்கு பற்றிய வழக்கு. இருதரப்பில் எவர் கூற்று சரி என்பதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டதை உலகமே எண்ணிச் சொல்லும் ஒரு பாடலுக்கு, அதன் பணம் எங்கே நின்றது என்பதை ஆக்கியவர்கள் அறிய இயலவில்லை என முறையிட நேர்ந்ததே கருதத்தக்கது. நன்கு அறியப்பட்டவர்களின் நிலை இதுவாயின், பெயரறியாத கருவியாளரின் நிலையை ஊகிக்கலாம்.

மறுப்புகளும் மாற்றும்

இதற்கு இருவகை மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, கணினி ஒலிகளும் கீபோர்டும் கருவியாளரின் வேலைவாய்ப்பையே குறைத்துவிட்டபோது உரிமத்தொகையால் என்ன பயன் என்பது. இது உண்மையே எனினும், வேலை குறைந்தவருக்கு அவர் முன்பு வாசித்தவற்றின் வருவாய் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டாவது, ஒரு பாடலுக்கு நாற்பது வயலின்கள் வாசித்திருப்பின் சிறுதொகையை எங்ஙனம் பிரிப்பது என்பது. இதற்கு அமெரிக்க நடைமுறை ஒரு விடை தருகிறது. அங்கு இணைய வானொலிபோல் கேட்பவர் பாடலைத் தாமே தெரிவு செய்யாத சேவைகளின் உரிமத்தொகையில் உரிமையாளருக்கு 50 விழுக்காடும் முதன்மைக் கலைஞருக்கு 45 விழுக்காடும் செல்கின்றன. எஞ்சிய 5 விழுக்காடு துணைக் கருவியாளர், துணைப் பாடகர் ஆகியோருக்கெனத் தொழிற்சங்கங்கள் சார்ந்த நிதியத்துக்கு அளிக்கப்படுகிறது. விரும்பிய பாடலைக் கேட்கும் செயலிகளுக்கு அம்முறை பொருந்தாது. எனினும் தனிப்பெயரால் அறியப்படாதவர்களையும் ஒரு வகுப்பினராகச் சட்டம் பெயரிட்டு அழைக்க இயலும் என்பதற்கு அது சான்று. இந்தியாவிலும் 2013இல் பதிவு பெற்ற பாடகர் உரிமைச் சங்கம் பின்னர்த் தன் பெயரிலேயே இசைக்கலைஞரையும் சேர்த்துக்கொண்டமை நம்பிக்கை தருகிறது.

முடிவுரை

தமிழ்த் திரையிசையில் எண்மிய விநியோகம் இசை நிறுவனங்களை இழப்பிலிருந்து மீட்டு, பழம்பதிவுகளை நிலையான வருவாயாக மாற்றியுள்ளது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வருவாயில் பங்கு கோரும் தகுதியை அளித்தது. கருவியாளருக்கு வரையறையில் இடமளித்த சட்டம், பெயர் குறிப்பிடாத வழக்கத்துக்கும் இடமளித்தமையால் அவரது உரிமை ஐயத்துக்குரியதாக நிற்கிறது. ஒரு கேட்புக்கான தொகையை உயர்த்தக் கோரும் குரல்கள் இவரை உட்கொள்ளவில்லை.

ஆகவே, ஒலிப்பதிவு நாளிலேயே வாசித்தோர் பெயர்ப்பட்டியல் கையொப்பத்துடன் எழுதப்பட்டு விவரத்தரவில் சேர்க்கப்படுதல், அக்கடமை தயாரிப்பாளர்மேல் சுமத்தப்படுதல், மேற்குறித்த காப்புரை ஒலிப்பதிவில் வாசிக்கும் கலைஞருக்குப் பொருந்தாது எனத் தெளிவுபடுத்தப்படுதல் ஆகியன உடனடித் தேவைகள். தமிழாய்வுக்கும் இதில் ஒரு பணி உண்டு. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த முதிய கலைஞர்களின் வாய்மொழியைத் திரட்டினால் எந்தப் பாடலில் எவர் வாசித்தார் என்பதை இன்னும் மீட்கலாம். அவர்களுள் பலர் மறைந்துவருகின்றனர். அவர்களோடு அப்பட்டியலும் மறைந்தால், பின்னாளில் சட்டம் பங்கு தர முன்வந்தாலும் அதனைப் பெற உரியவர் எவர் எனக் காட்ட எவரும் இரார்.