இருவர் போன வழி

பிரயாண நூல்களில் எழுதுவதற்கு மிகவும் சுலபமானதும், எழுதியபின் தேறுவதற்கு மிகவும் கடினமானதுமான ரகம் ஒன்று உண்டு. கணவனும் மனைவியுமாகக் கோடையில் வண்டி ஏறி, மலை சுற்றி, பூப் பார்த்துத் திரும்பிய கதை. அமெரிக்காவில் இது ஏராளம். அடுப்பும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளேயே வைத்துக் கட்டிய மோட்டார் வீட்டை அயோவா மாநிலத்து வின்னபேகோ கம்பெனி 1966இல் விற்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு, பிள்ளைகளைக் கரையேற்றி, உத்தியோகத்திலிருந்தும் ஓய்வு பெற்ற தம்பதிகள் கோடை வந்தால் மலைகளை நோக்கிக் கிளம்புவது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கிளம்பியவர்கள் சும்மா இருப்பதில்லை, எழுதவும் எழுதுகிறார்கள்.

இந்த ரகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பவன் நான். நாவல் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு சுயநலம் உண்டு. இரண்டு பேர், ஒரு சின்ன அறை, பல நாள், ஜன்னலுக்கு வெளியே மாறிக்கொண்டே போகும் உலகம். நாவலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பெரும்பாலானவற்றில் அந்த இரண்டு பேரும் இருப்பதே இல்லை. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம், மலை கம்பீரமாக இருந்தது, பூக்கள் கம்பளம் விரித்தாற்போல் இருந்தன, பெட்ரோல் விலை அதிகம், இரவில் மழை. மலைப் பூவுக்குக் கம்பளத்தை விட்டால் வேறு உவமையே கிடையாது போலும். கம்பளம் என்றால் கால் வைப்பதற்கு என்று அர்த்தம். அந்த உவமையால் என்ன கேடு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய பெயர்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. ஸ்டைன்பெக் 1960இல் ஒரு பாரவண்டியின்மேல் அறை கட்டி, அதற்கு டான் குவிக்ஸாட்டின் குதிரையின் பெயரைச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் தேசத்தைச் சுற்றிவந்தார். 1962இல் வெளியான அந்தப் புத்தகம் வாசிக்கச் சுகமானது. ஆனால் வழியில் பல நாட்கள் அவருடைய மனைவி எலேன் கூடவே இருந்தார் என்பது புத்தகத்தில் சரியாகத் தெரியவே தெரியாது. 2010இல் ஒரு பத்திரிகையாளர் அதே தடத்தில் போய்த் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். தனிமை என்று எழுதிய இடங்களில் தனிமை குறைவு என்று தெரியவந்தது. கற்பனை கலந்தது என்று 2012ஆம் வருஷத்துப் பதிப்பின் முன்னுரையும் ஒப்புக்கொள்கிறது. கற்பனை கலந்ததைப் பற்றி எனக்கு ஆட்சேபமில்லை. அது என் பிழைப்பு. நாயைச் சேர்த்துக்கொண்டு மனைவியை இறக்கிவிட்டதுதான் உறுத்துகிறது. தனியாகப் போனால்தான் வீரம் என்று ஒரு நினைப்பு ஆண்பிள்ளை எழுத்தாளர்களுக்கு இருக்கிறது.

இந்த நினைப்பு இல்லாத ஒரு மனுஷர் எட்வின் வே டீல். பூச்சி, பறவை, பூ இவற்றைப் பற்றி ஆயுள் முழுவதும் எழுதியவர். 1899இல் பிறந்து 1980இல் காலமானார். அவரும் மனைவி நெல்லியும் நான்கு பருவங்களையும் நான்கு பிரயாணங்களாகச் செய்தார்கள். வசந்தத்தைப் பற்றியது 1951இலும், இலையுதிர் காலத்தைப் பற்றியது 1956இலும், கோடை 1960இலும், குளிர்காலம் 1965இலும் புத்தகமாயின. கடைசிப் புத்தகத்துக்கு 1966இல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. நான்கும் சேர்ந்து 76,000 மைல். கோடைக்கு மட்டும் 19,000. மோட்டார் வீடுகள் சந்தைக்கு வருவதற்கு முந்திய காலம். சாதாரணக் காரில்தான் போனார்கள். ஆனால் பின்னால் வந்த அத்தனை தம்பதிப் பிரயாணங்களுக்கும் அவர்கள்தான் மூதாதைகள் என்பது என் கட்சி.

கோடைப் புத்தகம் கிழக்கே நியூ ஹாம்ப்ஷயர் மலைக் கணவாயில் தொடங்கி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் நிற்கும் பைக்ஸ் சிகரத்தில் முடிகிறது. நடுவில் பெரிய ஏரிகள், புல்வெளிகள், ஈரி ஏரித் தீவில் ஒரு நாளே வாழ்ந்து மடியும் ஈக்களின் கூட்டம். டீலிடம் உவமை குறைவு, பெயரும் எண்ணும் அதிகம். ஒரு செடியைக் கண்டால் அது என்ன செடி, எத்தனை இதழ், எந்த வண்டு வருகிறது என்று குனிந்து பார்க்கிற மனுஷர். வசந்தம் வடக்கே நாளொன்றுக்குச் சுமார் 15 மைல் நகர்கிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டே முதல் பிரயாணத்தைத் திட்டமிட்டார். பருவத்துக்கும் ஒரு நடை வேகம் உண்டு, அதோடு கூடவே போகலாம் என்ற எண்ணமே ஒரு நல்ல நாவலுக்குச் சமானம்.

சிலருக்கு இந்தப் பெயர்ப் பட்டியல்கள் அலுப்புத் தட்டுகின்றன. இது வெறும் தாவர சாஸ்திரம், இதில் இலக்கியம் எங்கே என்கிறார்கள். நம்மிடம் ஒரு குறிஞ்சிப்பாட்டு இருக்கிறது. கபிலர் அதில் 99 பூக்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். அதையும் பட்டியல் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அடுக்கை யார் சொல்கிறாள், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் என்று பார்க்கவேண்டும். தலைவியின் காதலைச் செவிலித்தாயிடம் வெளிப்படுத்தவேண்டிய தோழி சொல்கிறாள். சொல்லக் கஷ்டமான ஒரு விஷயம் நெஞ்சில் இருக்கிறது. அதை நோக்கிப் போகும் வழியில்தான் அத்தனை பூவும் பூக்கின்றன. சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு பூவின் பெயரைச் சொல்வது வேறு. சும்மா பூவின் பெயரைச் சொல்வது வேறு.

டீல் தம்பதிகளிடமும் அப்படி ஒன்று இருந்தது. அவர்களுடைய ஒரே பிள்ளை டேவிட். 1945இல், பத்தொன்பது வயதில், ஜெர்மனியில் போர்முனையில் இறந்துபோனான். 1947இல் இருவரும் வசந்தத்தைத் தேடித் தெற்கே புறப்பட்டார்கள். அந்த முதல் புத்தகம் மகனுக்குத்தான் சமர்ப்பணம். அதன் பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஓலமில்லை, பிரசங்கமில்லை. பறவையும் பூவும்தான். ஆனால் அந்தச் சமர்ப்பணத்தைப் படித்த கண்ணோடு பக்கங்களைப் புரட்டுகிறவனுக்கு, இரண்டு வயதானவர்கள் ஒரு செடியின் முன்னால் ஏன் இத்தனை நேரம் மண்டியிடுகிறார்கள் என்பது வேறு விதமாகப் படுகிறது. பின்சீட்டு காலியாக இருக்கிறது என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் புத்தகம் கெட்டிருக்கும்.

ஆங்கிலத்தில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். நமக்கு இரண்டு. வாசகனைச் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். டீலைத் தமிழாக்க யாராவது துணிந்தால் வரிக்கு வரி இந்தச் சங்கடம் வரும். ஊர் வந்தோம், தங்கினோம் என்கிற இடங்களில் அவர் நாங்கள் என்றே பேசுகிறார். செடியின் பக்கத்தில் குனிந்தவுடன் அது நாமாகிவிடுகிறது; வாசகனும் அருகே குந்திக்கொள்கிறான். மோட்டார் வீட்டு நாட்குறிப்புகளில் இது ஒருபோதும் நேர்வதில்லை. அங்கே கடைசி வரை நாங்கள், நாங்கள், நாங்கள்தான். போய்வந்தவர்களின் புகைப்படத்தை வாசலில் நின்று பார்ப்பதுபோல.

கம்பளத்துக்கு வருகிறேன். கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் டிரெயில் ரிட்ஜ் என்று ஒரு சாலை, 1932இல் திறந்தது. 12,183 அடி வரை ஏறுகிறது. சுமார் 11 மைல் தூரம் மரமே முளைக்காத உயரத்தில் ஓடுகிறது. கோடைப் பிரயாணிகள் யாரும் இதை விடுவதில்லை. அங்கே செடிகளுக்கு வாய்த்த கோடை ஏழெட்டு வாரம். அதற்குள் தளிர்த்து, பூத்து, விதைத்து முடிக்கவேண்டும். மாஸ் காம்பியன் என்ற செடி காற்றுக்குப் பயந்து தரையோடு தரையாக, குண்டூசி மெத்தைபோலச் சுருண்டு கிடக்கும். முதல் இளஞ்சிவப்புப் பூவைக் காட்டுவதற்கே பத்து வருஷம் ஆகலாம். மலைக் கிழவன் என்று அங்கே ஒரு மஞ்சள் பூ. உடம்பெல்லாம் வெள்ளை ரோமம், எல்லாப் பூவும் கிழக்கே பார்த்து நிற்கும். பல வருஷம் வேரில் சேமித்து, ஒரே ஒரு கோடை பூத்து, அதோடு மடிந்துவிடும். இதைக் கம்பளம் என்பவன் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கார் நிறுத்துமிடங்களில் இறங்கினவர்கள் கம்பளத்தின்மேல் நடந்தார்கள். பீட்ரிஸ் வில்லார்ட் என்ற தாவரவியல் அம்மையார் 1959 வாக்கில் அங்கே சில துண்டு நிலங்களை வேலியிட்டு, மிதிபட்ட தரை எப்போது பிழைக்கிறது என்று வருஷக்கணக்கில் கவனித்தார். சில கோடைகளில் மிதித்து அழிந்ததை மலை திருப்பித் தர நூற்றுக்கணக்கான வருஷங்கள் வேண்டும் என்பது அவர் கண்டது. இந்த அம்மையார் ஆன் ஸ்விங்கருடன் சேர்ந்து 1972இல் மரங்களுக்கு மேலே உள்ள அந்த உலகத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அதை ஒரு பிரயாண நூலாகவே நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டு அங்குல உயரமுள்ள காட்டுக்குள் போய்வந்த பிரயாணம்.

டீலைப் பற்றி ஒரு குறையும் சொல்லியாகவேண்டும். நெல்லி எப்போதும் கூட இருக்கிறார். முதலில் பறவையைப் பார்ப்பவர், குரலை அடையாளம் சொல்பவர் பல இடங்களில் அவர்தான். ஆனால் பேசுவது குறைவு. கோபித்துக்கொள்வதே இல்லை. 19,000 மைலில் ஒரு தடவைகூட வழி தப்பியதற்குக் கணவனைத் திட்டாத மனைவியை நாவலில் வைத்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த மௌனம் மரியாதையா, மறைப்பா? மகனைப் பற்றி இருவரும் பேசாமலா இருந்திருப்பார்கள்? துக்கத்தை வெளியே காட்டாதது டீலின் பலம். நெல்லியின் துக்கத்தையும் சேர்த்து அவரே அடக்கிக்கொண்டது பலவீனம். கணவர் போனபின் பதின்மூன்று வருஷம், 1993 வரை அவர் இருந்தார். அவருடைய கண்ணில் அந்த நான்கு பருவங்கள் எப்படி இருந்தன என்ற புத்தகம் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்த்த ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் மலையும் இல்லை, பெரிய பூவும் இல்லை. அர்ஜென்டினா நாவலாசிரியர் ஜூலியோ கொர்த்தஸாரும் மனைவி கரோல் டன்லப்பும் 1982 மே மாதம் ஒரு சிவப்பு வோக்ஸ்வேகன் வீட்டு வண்டியில் பாரிஸிலிருந்து மார்ஸேய்க்குப் புறப்பட்டார்கள். ஒரே பகலில் போய்ச் சேரக்கூடிய நெடுஞ்சாலை. அவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். சாலையைவிட்டு இறங்கக்கூடாது, ஒரு நாளைக்கு இரண்டு இளைப்பாறும் இடங்களில் நிற்கவேண்டும், இரண்டாவதில் தூங்கவேண்டும், இது விதி. உலகம் தெரிந்த மாலுமிகள்போல வெயிலின் அளவு, சாப்பாடு, கண்ட பூச்சி எல்லாவற்றையும் விளையாட்டாகக் குறித்துவைத்தார்கள். முக்கியமான விஷயம், இருவரும் எழுதினார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கிறார்; ஓநாய், குட்டிக் கரடி என்று ஒருவருக்கொருவர் செல்லப்பெயர். கப்பி போட்ட தரையும் குப்பைத் தொட்டியும் நான்கு மரங்களும் உள்ள இடத்தில் இரண்டு பேர் சந்தோஷமாக இருந்தார்கள் என்று நம்பவைக்கிறார்கள். எத்தனையோ நாவல்களில் இது நடக்கவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் கரோல் இறந்துபோனார். மிச்சத்தைக் கொர்த்தஸார் தனியாக முடித்தார். 1983இல் புத்தகம் வந்தது. 1984 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். கடைசிப் பக்கங்களில் அதை அவர் மறைக்கவில்லை. அதுவரை இரண்டு கைகளில் போய்க்கொண்டிருந்த எழுத்து ஒற்றைக் கையாகிவிட்டதை வாசகனுக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். டீல் முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு அப்புறம் வாய் திறக்காததை, இவர் கடைசிப் பக்கத்தில் சொல்கிறார். எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், இலக்கியமாகக் கொர்த்தஸார் என்பேன். மறுபடி எடுத்துப் படிப்பது டீலைத்தான்.

கோடைக்கு வண்டி கட்டுகிறவர்கள் இரண்டையும் எடுத்துப் போகலாம். டீல் கொஞ்சம் கனமான புத்தகம். மாடத்தில் வைக்காமல் கீழே வையுங்கள், வளைவில் விழும்.