நாட்காட்டியும் அனுமதியும்: ஒரு விமர்சன நோக்கு

இலக்கிய விமர்சனம் கவிதை, சிறுகதை, நாடகம் என்பனவற்றோடு அமைந்துவிடுதல் வேண்டும் என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்தம் கருத்து நமக்கு உடன்பாடன்று. ஒரு காலத்துச் சமுதாயத்தில் மிகப் பெருந்தொகையினரின் கண்முன் வந்து நிற்கும் வாசகம் எதுவோ, அதனை யார் எழுதினர், யாருக்காக எழுதினர், அது எதனைச் சொல்லி எதனை மறைக்கின்றது என்று வினவுதலும் விமர்சகனின் கடமையேயாம். இன்று அத்தகைய வாசகம் ஒன்று கைத்தொலைபேசித் திரையிலே ஒரு கணம் தோன்றி மறைகின்றது. ‘இச்செயலி உங்கள் நாட்காட்டியை அணுக விரும்புகிறது’ என்பதே அதன் சாரம். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று இசைவு, மற்றது மறுப்பு. இரண்டு வரிக்கு மேற்படாத இவ்வெழுத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விடயத்தை விளக்கிக்கொள்வோம். புகையிரதத்தில் ஆசனம் பதிவுசெய்யவோ, வைத்தியரைச் சந்திக்க நேரம் பெறவோ, பரீட்சைத் திகதியை அறியவோ ஒருவர் ஒரு செயலியைப் பயன்படுத்துகிறார் எனக் கொள்வோம். காரியம் முடிந்ததும் ‘நாட்காட்டியில் சேர்’ என்றொரு பொத்தான் வருகின்றது. பயனுள்ள வசதிதான், இதனை நாம் குறைகூறவில்லை. இதற்கு வேண்டியவை ஒரு திகதி, ஒரு நேரம், ஓர் இடம், ஒரு தலைப்பு. வேறெதுவும் வேண்டியதில்லை. ஒருவர் நமது குறிப்பேட்டில் ஒரு வரி எழுத வேண்டுமாயின், அந்நாளுக்குரிய பக்கத்தைத் திறந்து காட்டுவோம். குறிப்பேட்டையே அவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்துவிடமாட்டோம். ஆயின் திரையிலே தோன்றும் வாசகம் பல வேளைகளிற் கேட்பது குறிப்பேடு முழுவதையுமே.

குறிப்பேட்டில் என்ன இருக்கிறது? 1998 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, 2009 இல் திருத்தியமைக்கப்பட்ட ‘ஐகலண்டர்’ என்னும் பொது நியமம், ஒரு நிகழ்ச்சிக்குத் தலைப்பு, தொடக்கம், முடிவு, இடம், விபரம், ஏற்பாட்டாளர், பங்குபற்றுவோர் எனத் தனித்தனிப் பகுதிகளை வகுத்துள்ளது. எனவே நாட்காட்டி என்பது வெறும் எண்களின் அட்டவணை அன்று. எந்த வைத்தியரிடம் எத்தனை முறை சென்றோம், எந்தத் தொழிற்சங்கக் கூட்டத்திற் பங்குபற்றினோம், வேறு வேலைக்கான நேர்முகப் பரீட்சை எப்போது, வழக்கறிஞரைச் சந்தித்தது எதற்காக என்பன யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒரு மனிதனின் சமுதாய உறவுகள் காலவரிசையில் நிரைப்படுத்தப்பட்ட ஏடு அது.

இனி வாசகத்திற்கு வருவோம். ‘விரும்புகிறது’ என்னும் வினையை முதலில் நோக்குக. செயலி ஒரு நிரல். அதற்கு விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. விருப்பம் உடையது அந்நிரலின் சொந்தக்காரராகிய நிறுவனம். ஆயின் வாசகத்தில் நிறுவனத்தைக் காணோம். ஒரு பொருளாதார நலன், அடக்கமான ஓர் ஆசையாக உருமாறி நம்முன் நிற்கின்றது. ‘அணுக’ என்னும் சொல் இன்னும் தந்திரமானது. படித்தல், எழுதுதல், மாற்றுதல், அழித்தல் ஆகிய நான்கு வேறுபட்ட செயல்கள் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. ‘உங்கள் நாட்காட்டி’ என்பதிலும் ஒரு பிழை உண்டு. சந்திப்பு எனின் இருவரேனும் வேண்டும். நமது ஏட்டில் நண்பர்களின் பெயர்களும், மாணவர்களின் பெயர்களும், அவர்தம் மின்னஞ்சல் முகவரிகளும் இருக்கின்றன. அவர்களில் எவரும் கேட்கப்படுவதில்லை. ஒருவர் பொத்தானை அழுத்த, பலருடைய செய்தி கைமாறுகின்றது.

உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் அடிக்கடி விவாதிக்கிறோம். இங்கே உருவம் உள்ளடக்கத்தை எவ்வாறு மறைக்கின்றது என்பதற்கு அண்ட்ராய்ட் முறைமை நல்ல உதாரணம். அதிலே நாட்காட்டியைப் படிக்கும் அனுமதி ஒன்று, எழுதும் அனுமதி வேறொன்று. நிரல் எழுதுவோர் இவ்வேறுபாட்டை அறிவர். ஆயின் இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. பயனர் காணும் வினா ஒன்றே. ஒரு முறை இசைவு பெறப்பட்டபின், அதே செயலி தொகுதியிலுள்ள மற்ற அனுமதியையும் கோருமாயின், பயனரை மீண்டும் வினவாமலே அது வழங்கப்பட்டுவிடுகின்றது. நிரலாளரின் ஏட்டில் இரண்டு. பொதுமகனின் திரையில் ஒன்று. அறிவு யாருக்கு எவ்வளவு பங்கிடப்படுகிறது என்பதும் ஒரு வர்க்கப் பிரச்சினையே என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இந்த நிலைமை எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சரித்திர நோக்கிற் காண்பது அவசியம். அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் நாட்காட்டியைப் பிறர் செயலிகளுக்குத் திறந்துவிட்டது 2010 இல். அப்போது பயனரிடம் எவ்வித அனுமதியும் கேட்கப்படவில்லை. அண்ட்ராய்டில் நாட்காட்டிக்கான முறையான வழி 2011 இல் வந்தது. செயலியை நிறுவும்போதே அனுமதிகள் யாவற்றையும் ஒருசேர ஏற்றல் வேண்டும், இன்றேல் செயலியையே கைவிடல் வேண்டும் என்பது அன்றைய விதி. 2012 ஜூன் மாதத்திலே லிங்க்ட்இன் நிறுவனத்தின் செயலி பற்றிப் பாதுகாப்பு ஆய்வாளர் இருவர் ஓர் உண்மையை வெளிப்படுத்தினர். அச்செயலி பயனரின் நாட்காட்டி நிகழ்ச்சிகளை, கூட்டக் குறிப்புகள் உட்பட, தனது சேவைக் கணினிகளுக்கு அனுப்பி வந்தது. பயனர் விரும்பி இயக்கும் வசதியே அது என நிறுவனம் விடையிறுத்தது. குறிப்புகளை இனி அனுப்புவதில்லை என்றும் அறிவித்தது. அந்த விடை உண்மையே. ஆயின் நமது வினாவும் அங்கேதான் பிறக்கின்றது. இசைவு தந்தவர், தாம் எதற்கு இசைந்தோம் என்பதை அறிந்திருந்தனரா?

அதே ஆண்டு செப்டெம்பரில் ஐபோன் முறைமை நாட்காட்டிக்கு அனுமதி கேட்கத் தொடங்கியது. 2015 இல் அண்ட்ராய்டும் பயன்படுத்தும் வேளையிலேயே கேட்கும் முறைக்கு மாறியது. 2016 இல் அப்பிள் மற்றொரு விதியை வகுத்தது: எதற்காக அனுமதி கோரப்படுகிறது என்பதைச் செயலியைச் செய்தவர் தம் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும், எழுதாத செயலி அனுமதி கோரிய கணத்திலேயே நிறுத்தப்படும். இவ்வகையில் ஐபோனின் அனுமதி வாசகம் இரு ஆசிரியர் கூடி எழுதிய ஒன்றாயிற்று. மேல்வரி அப்பிள் எழுதியது. கீழ்வரி செயலிக்காரர் எழுதியது. காரணம் எழுத வேண்டும் என்பது விதி. எழுதிய காரணம் நேர்மையானதா என்பதை அவ்விதியால் மட்டும் உறுதிப்படுத்த முடியாது. ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்துவதற்காக’ என்று பொருளற்ற சொற்களை அடுக்கிவிடுவோரையும் நாம் காண்கிறோம். அண்ட்ராய்டின் வினாத்திரையிலோ அத்தகைய காரணத்திற்கு இடமே வைக்கப்படவில்லை. செயலி விரும்பினாற் தன் சொந்தத் திரையில் முன்கூட்டி விளக்கலாம்.

‘மக்கள்தாம் படிப்பதில்லையே’ என்று சிலர் கூறுவர். உண்மைதான். 2012 இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், செயலியை நிறுவும்போது அனுமதிப் பட்டியலைக் கவனித்தோர் 17 சதவீதத்தினரே. அனுமதிகளின் பொருள் பற்றிய மூன்று வினாக்களுக்கும் சரியாக விடையளித்தோர் 3 சதவீதத்தினரே. ஆயின் இதிலிருந்து மக்களின் அறியாமையை முடிவாகக் கொள்வது பிற்போக்கு வாதமாகும். நூற்றுக்கு 97 பேருக்கு விளங்காத ஒரு நூலை வாசகரின் குறையாகக் கருதும் விமர்சகன் எங்குளன்? குறை வாசகத்திலே உண்டு. அதனை அவ்வாறு எழுதுவதாற் பயன் பெறுவோரிடத்தும் உண்டு.

இவ்விடத்தில் முழு அனுமதியும் தொழில்நுட்பத்தின் கட்டாயமா என்ற கேள்வி எழுகின்றது. கட்டாயம் அன்று என்பதே விடை. அண்ட்ராய்டில் ஒரு செயலி நிகழ்ச்சியின் விபரங்களை நிரப்பி, தொலைபேசியிலுள்ள நாட்காட்டிச் செயலியிடம் ஒப்படைத்துவிடலாம். படிவம் திரையில் விரிகின்றது; பயனர் அதனைப் பார்த்து, வேண்டுமாயின் திருத்தி, தாமே சேமிக்கின்றார். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஐகலண்டர் நியமப்படி அமைந்த சிறு கோப்பு ஒன்றைக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. அந்நியமம் எந்தக் கம்பனியின் தனியுடைமையும் அன்று. யாவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து. ஐபோனில் 2023 வரை நாட்காட்டி அனுமதி முழுமையாகவோ இல்லாமலோதான் இருந்தது. அவ்வாண்டில் வந்த ஐ.ஓ.எஸ் 17 இல்தான் ‘சேர்க்க மட்டும்’ என்னும் அனுமதி பிறந்தது. பயனரே சேமிக்கும் படிவத்திற்கு அனுமதி வேண்டாம் என்ற நிலையும் அப்போதுதான் வந்தது. ஒவ்வொரு நிரலும் தன் பணிக்கு இன்றியமையாத மிகக் குறைந்த உரிமையோடே இயங்க வேண்டும் என்ற கோட்பாட்டைச் சோல்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் எழுதியது 1975 இல். ஐபோனின் நாட்காட்டி தோன்றுமுன்பே இருந்த அறிவு, அந்நாட்காட்டியை வந்தடைய 2023 ஆயிற்று. குறைவாகக் கேட்பதால் எவருக்கும் இலாபம் இல்லை என்பதே தாமதத்திற்குரிய காரணம் என்பது நமது கணிப்பு. இதற்காக நிரல் எழுதும் தொழிலாளியைப் பழிப்பது நியாயமாகாது. குறித்த தவணைக்குள் வேலையை முடிக்க வேண்டியவன், எளிதாகக் கிடைக்கும் அகன்ற வழியையே எடுக்கிறான்.

நேரத்தை யார் பதிவுசெய்கின்றனர் என்பது தொழிலாளி வர்க்கத்திற்குப் புதிய பிரச்சினையன்று. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆலை முதலாளிகள் காலையிற் கடிகாரத்தை முன்தள்ளியும் மாலையிற் பின்தள்ளியும் வைத்ததையும், தொழிலாளர் தம்மிடம் கைக்கடிகாரம் வைத்திருக்க அஞ்சியதையும் எடுத்துக்காட்டினார். நமது மலையகத் தோட்டங்களிலே பிரட்டுக்களத்திற் பெயர் பதியும் செக்றோல் யார் கையில் இருந்தது என்பதை நாம் அறிவோம். அரைநாட் பெயரா முழுநாட் பெயரா என்பதை ஏட்டை வைத்திருந்தவனே தீர்மானித்தான். நாட்காட்டிச் செயலியும் செக்றோலும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. நாட்காட்டி நாமே நமக்காக எழுதும் ஏடு. அதனாலேயே அதனைக் காப்பது அதிக முக்கியம் பெறுகின்றது.

இங்கிலாந்தில் 1847 இல் நிறைவேறிய பத்து மணி நேரச் சட்டத்தை நினைவுகூர்வோம். அதற்கு முன்னர் முதலாளிமார் கூறிவந்த நியாயம் யாது? தொழிலாளி சுதந்திரமானவன், விருப்பமாயின் ஒப்பந்தத்தை ஏற்கலாம், இன்றேல் விலகலாம் என்பதே. ஆலைவாசலில் தனியாக நின்ற தொழிலாளிக்கு அச்சுதந்திரத்தின் பொருள் பட்டினி என்பதை மார்க்ஸ் 1867 இல் வெளியான தமது ‘மூலதனம்’ நூலின் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் நிறுவிக்காட்டினார். இன்றைய அனுமதிப் பொத்தான் அந்தச் சுதந்திர ஒப்பந்தத்தின் வாரிசு. தனியொரு பயனர், ஒரு கணப்பொழுதில், பேரம் பேச வழியின்றி, ஆம் அல்லது இல்லை என்று கூற வேண்டும். பத்து மணி நேரச் சட்டம் வாசலிலே தனித்தனியாக மறுத்தவர்களாற் கிடைத்ததன்று. கூடி நின்று கேட்டவர்களாற் கிடைத்தது.

இவ்வுண்மையை மறந்தோர் இரு தவறான முடிவுகளுக்கு வருகின்றனர். தொலைபேசியையே தூக்கியெறிவோம் என்பர் ஒரு சாரார். இயந்திரத்தை உடைப்பது விடுதலை அன்று என்பது நாம் கற்ற பாடம். புதிய பதிப்பு வந்தால் எல்லாம் சீராகிவிடும் என்பர் மற்றொரு சாரார். ‘சேர்க்க மட்டும்’ அனுமதியையே எடுத்துக்கொள்வோம். அது முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வனுமதி பெற்ற செயலி, தான் எழுதிய நிகழ்ச்சியையே மீளப் படிக்க முடியாது. பரீட்சை பிற்போடப்பட்டால் திகதியைத் திருத்த அதனால் இயலாது. திருத்த வேண்டுமாயின் முழு அனுமதி கோர வேண்டும். தான் எழுதியதை மட்டும் தானே திருத்தும் இடைநிலை அங்கே இல்லை. சந்தா முறையில் அமைந்த நாட்காட்டி இக்குறையை ஓரளவு தீர்க்கின்றது: வெளியிடுவோர் தம் பக்கத்திலே திகதியை மாற்றினால் நமது ஏட்டிலும் மாறும், வேண்டாதபோது நாம் விலகலாம். எழுதும் உரிமை முற்றிலும் தீங்கற்றது என்றும் கொள்ளற்க. 2016 நவம்பரில் ஐகிளவுட் நாட்காட்டிகளில் விளம்பர அழைப்புகள் வந்து குவிந்தன. அவை செயலி வழியாக அன்றி அழைப்பு வழியாக வந்தவை. எனினும் பிறர் எழுதக்கூடிய ஏடு எவ்வாறு சந்தையாகும் என்பதை அவை காட்டின.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. இசைவு என்பது சுயேச்சையாகவும், குறித்த நோக்கத்திற்காகவும், விளங்கியும் தரப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்றும், தேவைக்கு மேற்பட்ட தரவைத் திரட்டலாகாது என்றும் அது விதிக்கின்றது. நமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று. அதனைக் கேட்டுப் பெறும் மக்கள் இருப்பது மற்றொன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே செய்யக்கூடியது யாது? பாடசாலையோ பல்கலைக்கழகமோ சங்கமோ ஒரு செயலியைத் தெரிவுசெய்யும்போது மூன்று கேள்விகளைக் கூட்டத்திலே எழுப்புதல் வேண்டும். நிகழ்ச்சியைச் சேர்க்க முழு நாட்காட்டியும் ஏன் வேண்டும்? அனுமதி மறுத்தாலும் செயலி தன் பணியைச் செய்யுமா? திகதிகளை ஐகலண்டர் கோப்பாகவோ சந்தாவாகவோ தர முடியாதா? இக்கேள்விகளுக்கு விடையில்லாத செயலியை ஒரு மாணவன் மறுத்தால் அவன் வகுப்பிற் பின்தங்குவான். சங்கம் மறுத்தாற் செயலி மாறும். நமது நாட்களை நாமே எழுதும் உரிமை திரையில் இரங்கிக் கேட்கப்படும் அனுமதியாகச் சுருங்கிவிடாமற் காப்பது, தனியொருவரின் விரலால் ஆகும் காரியமன்று.